மைல்டு ருசித்த வாரம்

சன்னல் சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி. டிக்கெட்டில் அது என் நம்பர்தான். ஆனால் நான் வாதாடியது சீட்டுக்காக இல்லை, கொள்கைக்காக. நம்பர் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? நீங்கள் "சரிம்மா, எந்திரிச்சுக்கறேன்" என்று சொன்னீர்களே, அதோடு என் வழக்கு முடிந்தது. உட்காருங்கள். டர்பியிலிருந்து லண்டன் போய்ச் சேர நிறைய நேரம் இருக்கிறது. தூங்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் பேசாமல் வருகிறேன்.

தூக்கம் வராதா? நல்லது.

ஆமாம், படிக்கிறேன். எல்.எல்.எம்., மனித உரிமைச் சட்டம். பெயர் ஹெப்சிபா. ஊர் சாயர்புரம், தூத்துக்குடிப் பக்கம். வேலையும் பார்க்கிறேன். எங்கே என்பதுதானே அடுத்த கேள்வி? அம்மாவிடம் ஹோட்டல் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. மாடியில் அறை வாடகைக்கு விடுகிறார்கள், கீழே சாப்பாடு போடுகிறார்கள். ஹோட்டல்தானே அது? நடுவில் கொஞ்சம் பீரும் ஊற்றுகிறார்கள். 'லேம்ப்' என்று பெயர், கால்வாய்க் கரையில் இருக்கிற பழைய பப்.

பையை அப்படி மடிக்கு இழுத்துக்கொள்ள வேண்டாம் ஆன்ட்டி, நான் குடிகாரி இல்லை. எங்கள் அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுத்தான் குடிப்போம். முழுதாகக் கேளுங்கள். எனக்கு நடந்த அநியாயத்தைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து கிச்சன். கிளாஸ் கழுவு, தட்டுக் கழுவு, எண்ணெய்ச் சட்டியைத் தேய். வேலை கஷ்டம் என்று சொல்லவில்லை, அது வேறு. கஷ்டம் எங்கே இருந்தது தெரியுமா? கிச்சனுக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு ஆடுகதவு. அது ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்தப் பக்கம் நடக்கிற பேச்சில் ஒரு துண்டு என் காதில் விழும். பிரதமர், மழை, கால்பந்து, பஸ் கட்டணம், நாய்க்குப் பச்சைக் கறி போடலாமா கூடாதா. ஊரில் உள்ள அத்தனை வாதமும் அந்தக் கவுண்டரில்தான் நடக்கிறது. எனக்கு அத்தனைக்கும் பதில் தெரியும். பதில் தெரிந்த ஒருத்தி முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நிற்கிறாள், கதவு மூடிவிடுகிறது. இதற்குப் பெயர் சித்திரவதை இல்லையா?

கவுண்டருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். முதலாளியம்மா லொரெய்ன் முடியாது என்றார். சும்மா விடுவேனா? காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். என் நிறம், என் பாஸ்போர்ட், நான் பெண் என்பது, மூன்றில் ஒன்று. ஆனால் எனக்கு முன்னால் கவுண்டரில் நின்றவன் நைஜீரியாக்காரன். அவனுக்கு முன்னால் நின்றது போலந்துப் பெண். லொரெய்னே ஒரு பெண். ஆக, மூன்று காரணமும் அடிபட்டுப் போயிற்று. காரணம் இல்லை என்பதற்காக அநியாயம் இல்லை என்று ஆகிவிடுமா?

கடைசியில் அவரே காரணத்தைச் சொன்னார்.

"நீ மைல்டை வாயிலயே வைக்க மாட்டேங்கறே டக். வாயில வைக்காதவங்களை நான் பம்ப் பக்கம் விடறதில்லை."

டக் என்றால் வாத்தேதான் ஆன்ட்டி. அந்தப் பக்கத்தில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், தபால்காரரைக்கூட. முதல் மாதம் அதற்கும் ஆட்சேபம் தெரிவித்தேன். "சரி டக், இனிமே சொல்லல" என்றார்கள். அப்புறம் விட்டுவிட்டேன்.

மைல்டு என்பது ஒரு கறுப்பு பீர். பார்க்க கோலா மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு தெரியும். பெயருக்கு ஏற்ற சாது. இருக்கிற பீரிலெல்லாம் போதை குறைந்தது அதுதானாம். தொழிற்சாலையில் நாள் முழுக்க வேர்த்துக் கொட்டிவிட்டு வருகிறவர்கள் தாகத்துக்குக் குடித்ததாம். அதைப் பீப்பாயோடு நிலவறையில் வைத்திருப்பார்கள், மேலே கவுண்டரில் பம்ப் பிடியை இழுத்தால் குழாய் வழியாக ஏறி வரும். பீப்பாயைத் திறந்து குழாயை மாட்டிவிட்டால் உள்ளே காற்றுப் போய்விடும். அதற்கப்புறம் சில நாளில் விற்றுத் தீர்க்க வேண்டும். அதனால் தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் கவுண்டரில் நிற்கப் போகிறவர் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். இது லொரெய்ன் போட்ட சட்டம்.

நான் விடவில்லை. "சைவம் சாப்பிடறவங்க கறிக்கடை வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "தூக்குத் தண்டனை கொடுக்கிற ஜட்ஜ் முதல்ல தான் தொங்கிப் பார்த்துட்டா கொடுக்கிறார்?" என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் போய், பனி போய், மரமெல்லாம் துளிர்க்கிற வரைக்கும் கேட்டேன். அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுவிட்டு, "நல்லாப் பேசறே டக். வாயில வை" என்பார். பதில் வாதமே கிடையாது! இப்படிப்பட்டவர்களிடம் எப்படி ஜெயிப்பது?

மே மாதம் ஒப்புக்கொண்டேன். தோற்றுப்போய் இல்லை. ஒரு வாய் என்பது குடி இல்லை, பரிசோதனை. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவர்கள் எதையெல்லாம் தொடுகிறார்கள்? அப்படி எடுத்துக்கொண்டேன்.

லொரெய்ன் என்னைக் கீழே நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்ன கிளாஸில் பிடித்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், விழுங்கினார். பிறகு அதே கிளாஸை என்னிடம் நீட்டினார். அவர் எச்சில் பண்ணின கிளாஸ்! நான் என்ன செய்வேன்? நாம் செய்வதைச் செய்தேன். அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றினேன்.

பீரை அண்ணாந்து குடித்துப் பார்த்திருக்கிறீர்களா ஆன்ட்டி? இல்லை, இல்லை, சும்மா கேட்டேன். நுரை நேராக மூக்கில் ஏறிவிட்டது. மிச்சம் என் சட்டையில்.

"ஐயோ, என்னடி பண்றே?" என்று லொரெய்ன் பதறிப்போனார். நான் இருமிக்கொண்டே சுகாதாரம் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் வேறு கிளாஸ் எடுத்துவந்து கொடுத்தார். "முதல்ல மூக்கு. அப்புறம் வாய். அதுக்கப்புறம் உன் பிரசங்கம்."

குடித்தேன். எப்படி இருந்தது என்கிறீர்கள்? நம் பக்கத்துக் கருப்பட்டிக் காப்பி ஆறிப்போய், அதிலும் கருப்பட்டி குறைவாகப் போட்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. தீய்ந்த ரொட்டி வாசனை லேசாக. கசப்பு உண்டா என்றால் உண்டு, தேடினால் கிடைக்கும். ஒட்டுமொத்தத்தில் சண்டை போடத் தெரியாத பானம்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். இந்த ருசியை மனசுல வச்சுக்க. இதுலருந்து மாறிச்சுன்னா அந்தப் பீப்பாயைக் கழட்டிடணும். பக்கத்துலயே இன்னொண்ணு தயாரா இருக்கு, மத்தியானம் குடிக்க வர்ற கென் மாட்டிக் கொடுப்பாரு."

மறுநாளே அவர் கார்ன்வாலுக்குப் போய்விட்டார், மகளுக்குப் பிரசவம் பார்க்க. போகும்போது, "மத்தியானக் கவுண்டர் உனக்கு. தப்பு நடந்துச்சுன்னா மறுபடி கிச்சன்தான், அப்புறம் நீ எவ்வளவு பேசினாலும் கேட்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ராத்திரிக்கு வேறு ஆள் உண்டு. ஆனால் ராத்திரி வருகிற பையன்கள் லாகர் என்கிற வெளுத்த பீரைத் தவிர எதையும் கேட்க மாட்டார்கள். மைல்டு என்பது மத்தியானத்து ஆட்களின் பானம். ஆக, மைல்டு முழுக்க முழுக்க என் பொறுப்பு.

மத்தியானத்து ஆட்கள் என்றால் முக்கியமாக இரண்டு பேர். கென், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், கூடவே பிஸ்கட் என்று ஒரு நாய். என் பெயரைக் கேட்டதும், "இந்தப் பேரை நான் கல்லறையில மட்டும்தான் படிச்சிருக்கேன்" என்றார். எங்கள் தெருவிலேயே மூன்று ஹெப்சிபா இருக்கிறோம் என்று சொன்னேன், அசந்துபோய்விட்டார். இன்னொருவர் பெரில். ரிட்டயர்ட் டீச்சர், சன்னல் பக்கம் பெரிய பெரணிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை பைண்ட் மைல்டை ஒரு மணி நேரம் குடிப்பார்.

கவுண்டரில் நின்ற முதல் நாள், அப்பப்பா! எட்டு மாதம் தேக்கி வைத்ததையெல்லாம் பேசித் தீர்த்தேன். நாய்க்குப் பச்சைக் கறி போடக் கூடாது என்று கென்னிடம் நிரூபித்தேன். உருளைக்கிழங்கு வறுவலில் உப்பு அதிகம் என்று சொன்ன ஒருவரிடம் உப்பு வரி பற்றி முழுக்க எடுத்துச் சொன்னேன். அவர் அதற்கப்புறம் வரவில்லை, வேலை மாறிப் போயிருப்பார். இரண்டாவது நாளிலிருந்து யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகப் போனது.

அந்த வாரம் டர்பியில் நல்ல வெயில். தினமும் காலையில் நிலவறைக்குப் போய்ச் சட்டப்படி ஒரு வாய் குடித்தேன். முதல் இரண்டு நாள் அதே ஆறின காப்பிதான். அடுத்த நாள் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இதற்குள் ருசி ஒன்று இருக்கிறதே! அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நாளுக்கு நாள் ஏறியது ஆன்ட்டி. பதநீரை நேரத்துக்குக் காய்ச்சாமல் விட்டால் லேசாகப் பொங்கி ஒரு புளிப்பு வருமே, அப்படி! வாரக் கடைசியில், நல்ல புளிக்குழம்பை மறுநாள் தொட்டு நக்கின மாதிரி, அடிநாக்கு வரைக்கும் ஜிவ்வென்று இறங்கியது.

மாறினால் கழற்றச் சொன்னார் என்பது எனக்கும் ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி நிலவறையில் நின்று நன்றாக யோசித்தேன். மாறியிருக்கிறது, சரி. ஆனால் வேறு மாதிரி இருக்கிறது என்பதாலேயே அது கெட்டது என்று யார் முடிவு செய்வது? உலகத்தில் நடக்கிற அத்தனை பாகுபாட்டுக்கும் அடிப்படையே இந்த நினைப்புதானே? என் ஆய்வுக் கட்டுரையே அதைப் பற்றித்தான். எழுதுவது ஒன்று, செய்வது ஒன்றா? கழற்றவில்லை.

சும்மா என் நாக்கை மட்டும் நம்பியும் இதைச் செய்யவில்லை. வாடிக்கையாளரைக் கேட்டேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கிளாஸுக்கும். "எப்படி இருக்கு கென்?"

"இன்ட்ரஸ்டிங்," என்றார் கென்.

ஏன் சிரிக்கிறீர்கள் ஆன்ட்டி? நீங்கள் இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்? இருபதா? சரி, சிரியுங்கள், நான் நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள், "ஒரு தனித்தன்மை இருக்கு டக்" என்றார். அதற்கு மறுநாள், "இப்படி ஒரு மைல்டை நான் குடிச்சதே இல்ல" என்றார். ஐம்பது வருஷமாக மைல்டு குடிக்கிற மனிதர்! பெரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பத் துணிச்சலா இருக்கும்மா" என்றார். இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

அவர்கள் தலை வாசலில் தெரிந்ததுமே ஊற்றி வைத்துவிடுவேன். கேட்கவே விடமாட்டேன். ஒரு நாள் கென், "இன்னிக்கு என்னவோ ஒரு லாகர்..." என்று இழுத்தார். பாவம், வெயிலில் நடந்து வந்த தடுமாற்றம். "உங்க மைல்டு ரெடி!" என்று முன்னால் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், "தேங்க்ஸ் டக்" என்று எடுத்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்கு ஞாபகமறதி வேறு அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கிளாஸ் காலி. வயதாகிறதில்லையா? நாய்க்கும் வழக்கமாக ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றுவார். அது மோந்து பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெயில் காலத்தில் நாய்க்குப் பசி குறையும். சன்னல் பக்கத்துப் பெரணிச் செடியும் அந்த வெயில் தாங்காமல் பழுத்துவிட்டது. பெரில் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒரு வாய் தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

இன்னொன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் கிளாஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"சொல்லிடலாம் கென். எத்தனை நாளைக்கு இப்படி?" இது பெரில்.

"யாரு சொல்றது? நீயே சொல்லு."

"நானா? அது முகத்தைப் பாத்தா எனக்கு வாய் வருமா?"

"அப்ப லொரெய்ன் வரட்டும். அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குவோம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இவர் மனைவி இறந்தவர், அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர். இந்த வயதில் ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்குகிறார்கள். இந்த மாதிரி விஷயத்தில் நான் சும்மா இருக்க முடியுமா? நேராகப் போய் நின்று, "நான் கேட்டுட்டேன். மனசுல இருக்கறதை வெளிய சொல்லிடணும். இதுல வெட்கப்பட என்ன இருக்கு? என் முழு ஆதரவு உங்களுக்கு!" என்றேன்.

பெரில் சிவந்துபோனார். கென் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல டக்," என்றார் கடைசியில். "பீர் அருமையா இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம்." ஒரே மூச்சில் குடித்தும் காட்டினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காதல் இந்த வயதில்தான் ஆன்ட்டி மனிதனை உலுக்கும்.

லொரெய்ன் திரும்பி வந்தார். பேரக் குழந்தை போட்டோவெல்லாம் காட்டிவிட்டு நிலவறைக்குப் போனார். நான் மேலே காத்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? கீழேயிருந்து தூவென்று துப்புகிற சத்தம் கேட்டது. மறுபடியும் ஒரு தூ.

கையில் கிளாஸோடு மேலே வந்தார். "இதை யாருக்காவது ஊத்தினியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கென் முந்திக்கொண்டார். "இந்த வாரம் யாரும் மைல்டு குடிக்கலையே லொரெய்ன். வெயில் பாரு. நாங்கல்லாம் லாகர்."

"நான் ஜின்," என்றார் பெரில். "ஜின்தான் முழுக்க."

"பாவம் அந்தப் பொண்ணு, மைல்டு பம்ப் பக்கமே போகல," என்றார் கென்.

ஆன்ட்டி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் கண் முன்னால், பட்டப்பகலில், கூசாமல் பொய்! ஒரு வாரம் முழுக்க என் கையால் ஊற்றிக் கொடுத்ததை ஒரே வாயில் இல்லை என்கிறார்கள். என் உழைப்புக்கு மரியாதை இல்லையா? "ஒரு நிமிஷம்" என்று கவுண்டருக்கு வெளியே வந்து கென் முன்னால் நின்றேன். குறுக்கு விசாரணையில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

"மிஸ்டர் கென். நேத்து மத்தியானம் நீங்க இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தீங்களா, இல்லையா?"

"விடு டக்," என்றார், கண்ணால் என்னவோ ஜாடை காட்டினார்.

"கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்க கையில இருந்தது கறுப்பா, வெளுப்பா?"

"டக், நான் உன் பக்கம்..."

"கறுப்பா, வெளுப்பா?"

"கறுப்பு."

"அதைக் குடிச்சுட்டு, 'இப்படி ஒரு மைல்டை நான் குடிச்சதே இல்ல'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். ஏன்னா, குடிச்சதே இல்ல!" கென் எழுந்துவிட்டார். "வினிகர், பெண்ணே! சுத்தமான வினிகர்! சிப்ஸ்ல ஊத்தித் தின்னுருக்கலாம்! என் வயிறு செவ்வாய்க்கிழமையிலருந்து என்னோட பேசறதில்ல!"

பப்பே திரும்பிப் பார்த்தது. நாய்கூட எழுந்து நின்றது.

"அப்ப ஏன் குடிச்சீங்க?" என்றேன். நியாயமான கேள்விதானே?

 பெரில்தான் பதில் சொன்னார். "அக்டோபர்லருந்து அந்தக் கதவு வழியா உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தோம்மா. கவுண்டருக்கு வந்ததும் நீ அவ்வளவு சந்தோஷமா ஊத்திக் கொடுத்தே."

இது என்ன பதில் ஆன்ட்டி? எந்தச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது? ஒரு மனிதர் தனக்குப் பிடிக்காததை இன்னொருவர் சந்தோஷத்துக்காக ஒரு வாரம் குடிப்பதா? இது நேர்மையா? நான் என் அம்மாவிடம்... சரி, அது வேறு விஷயம், அது ஹோட்டல்தான். பெரில் அதோடு நிறுத்தாமல், செடிக்காக லொரெய்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். செடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

லொரெய்ன் என்னைப் பார்த்தார். "காலையில தினமும் குடிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். தினமும்."

"புளிச்சது தெரியலையா?"

"தெரிஞ்சுது. நல்லா இருந்துச்சு."

 அவர் அந்த ஆடுகதவைக் கையால் காட்டினார். அவ்வளவுதான். கிச்சன். எட்டு மாதம் வாதாடி வாங்கின கவுண்டர் ஒரு வாரத்தில் போயிற்று. எனக்கு வாதாடக்கூட வாய் வரவில்லை, நம்புவீர்களா? கவுண்டர் ஏப்ரனைக் கழற்றப் போனேன்.

"நில்லு," என்றார் கென். என்னிடம் இல்லை, லொரெய்னிடம். "நீ அவளைக் கிச்சனுக்கு அனுப்பினேன்னு வையி, நான் அவ்வளவையும் வீணாக் குடிச்சதா ஆயிடும். அதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"நானும்தான்," என்றார் பெரில். "எனக்கு இந்த வயசுல அது சின்னத் தியாகம் இல்ல."

லொரெய்ன் இரண்டு பேரையும் முறைத்தார். விடுவிடுவென்று கீழே போனார். நிலவறையில் தட்டுகிற சத்தம், இழுக்கிற சத்தம். தயாராக இருந்த அடுத்த பீப்பாயை மாட்டிவிட்டு மேலே வந்து, பம்ப் பிடியை இழுத்து ஒரு சின்ன கிளாஸில் பிடித்தார். என் முன்னால் வைத்தார். "குடி."

முதலில் மூக்கு. அப்புறம் வாய். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கென் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். 'அருமை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வேன், எனக்கும் தெரியும். ஆனால் என்னால் முடியவில்லை ஆன்ட்டி. எட்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டாலும் முடியாது.

"சப்புன்னு இருக்கு," என்றேன். "ஒரு ருசியும் இல்ல. எனக்குச் சுத்தமாப் பிடிக்கல."

லொரெய்ன் கிளாஸை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது முகமே மாறியிருந்தது. "ரொம்பச் சரியா இருக்கு," என்றார். "அப்படின்னா இவ நாக்கு கெட்டுப்போகல. தலைகீழா இருக்கு, அவ்வளவுதான்."

கென் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது.

அன்றைக்குப் போட்டார் புதுச் சட்டம். இன்று வரை அமலில் இருக்கிறது. தினமும் காலையில் முதல் வாய் நான்தான் குடிக்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு விற்கலாம். எனக்குப் பிடித்துவிட்டதோ, அந்த நிமிஷமே பீப்பாயைக் கழற்ற வேண்டும்! சொல்லுங்கள் ஆன்ட்டி, இது அவமானமா இல்லையா? ஒரு பெண்ணின் ருசிக்கு இந்த நாட்டில் இதுதான் மரியாதையா? ஆட்சேபம் தெரிவித்தேன், வாய்மொழியாகவும் எழுத்திலும். லொரெய்ன் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதறே டக்" என்றார்.

வேலையை விட்டேனா என்று கேட்கிறீர்களா? எதற்கு விட வேண்டும்? கொள்கை வேறு, கவுண்டர் வேறு.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நிலவறைக்குப் போனேன். ஒரு வாய். நாக்கு ஓரத்தில் அந்தச் சின்னச் சுருக். அப்போதுதான் ஆரம்பம். இன்னும் இரண்டு நாள் விட்டால் எப்படித் திரண்டு வரும் என்று எனக்குத் தெரியாதா? அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. பிடிக்கவில்லை என்று மேலே போய்ச் சொன்னால் கேட்பாரும் இல்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கென் வயிறு வேறு அப்போதுதான் அவரோடு பேச ஆரம்பித்திருந்தது.

கழற்றிவிட்டேன். நானே மாட்டவும் கற்றுக்கொண்டேன், புதுப் பீப்பாயை.

மத்தியானம் கென் வந்தார். சப்பென்ற அந்த மைல்டை முன்னால் வைத்தேன். குடித்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை! நாய் பற்றிப் பேசினார், பஸ் லேட் என்றார். பெரிலும் அப்படித்தான், குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே குடித்தார். அந்த வாரம் நான் என் இஷ்டத்துக்கு ஊற்றியபோது என்னவெல்லாம் சொன்னார்கள்! தனித்தன்மையாம், துணிச்சலாம். இப்போது எனக்குப் பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இவர்களுக்குப் பிடித்ததை ஊற்றுகிறேன், ஒரு வார்த்தை உண்டா? நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை?

"எப்படி இருக்கு கென்?" என்று கேட்டே விட்டேன்.

"என்னது எப்படி இருக்கு?" என்றார். காலி கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். இன்னொன்று வேண்டுமாம்.